உள்ளலங்காரம் சுவரிலேயே தொடங்குகிறது

(சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர், ராயப்பன்பட்டி)

'இன்டீரியர் டிசைன்' என்றவுடன் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது நண்பர்களே? பால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்துகொண்டு எரியும் லைட், பிளைவுட் ஷோகேஸ், சுவரில் ஒட்டுகிற படம்! கம்பம், உத்தமபாளையம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். வீட்டைக் கட்டி, பூசி, பெயிண்ட் அடித்து, கடைசியில் கையில் மிச்சமுள்ள காசில் (மிச்சமில்லாவிட்டால் வட்டிக்கு வாங்கி) செய்வதுதான் உள்ளலங்காரம் என்று ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. அது சிவில்காரன் வேலையே இல்லை, வேறு ஆளுடைய வேலை என்று நம்மிலேயே பலர் நினைக்கிறோம்.

இதற்கு நேர் எதிராகக் கட்டிக் காட்டி, உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் லாரி பேக்கர்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டுவதற்காக 1945-ல் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை 1948-ல் மணந்து, இமயமலையில் பித்தோராகர் என்ற இடத்தில் பல வருடம் இருந்தார். 1963-ல் வாகமணுக்கு வந்தார். வாகமண் எங்கே இருக்கிறது? நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான்! குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை தாண்டினால் வாகமண். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறையும் வரை அங்கேயே கட்டிக்கொண்டிருந்தார். 1990-ல் பத்மஸ்ரீ. 1992-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்புக்கான விருது. இத்தனைக்கும் அவர் கட்டியவை பெரும்பாலும் சாதாரணச் செங்கல் கட்டடங்கள். பூச்சுகூடக் கிடையாது.

கடை, பொதுக்கட்டடம், வீடு என்று மூன்று வகையிலும் ஒவ்வொன்றைச் சொல்கிறேன்.

முதலில் கடை. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ஓட்டல். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் நிறத்தில் ஓர் உருண்டைக் கோபுரம். எங்கள் டிபார்ட்மெண்ட் டூரில் பையன்கள் எல்லாம் கோவளத்துக்குப் போக அவசரப்பட்டபோது, நானும் இரண்டு பேரும் இதற்குள் நுழைந்துவிட்டோம். மாடிப்படியே இல்லை! தரையே ஒரு சாய்தளமாக, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவர் ஓரமாகக் கட்டுமானத்தோடு சேர்த்தே மேசை, பெஞ்சு எல்லாம் கட்டிவைத்திருக்கிறார். தரை சாய்ந்திருக்கிறது, ஆனால் மேசை மட்டமாக இருக்கிறது. டம்ளரில் காபி ஒரு பக்கமாகச் சாயவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகிறது. ஒரு நாற்காலி வாங்கவில்லை, ஒரு ஜன்னல் நிலை செய்யவில்லை, ஆனால் அத்தனை பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இடம் எவ்வளவு சிறியது என்று யோசித்தால் இன்னும் ஆச்சரியம். (மசாலாவில் பீட்ரூட் போடுகிறார்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.)

அடுத்தது பொதுக்கட்டடம். அதே நகரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், 1970களின் தொடக்கத்தில் கட்டியது. அது இருக்கும் இடத்தின் பெயரே 'உள்ளூர்'! மேடும் பள்ளமுமான நிலத்தை அவர் சமப்படுத்தவில்லை. நிலம் வளைகிற பக்கமெல்லாம் கட்டடமும் வளைகிறது, இருக்கிற மரங்களைச் சுற்றி முற்றம் விட்டிருக்கிறார். நடுவில் செங்கல்லாலேயே எழும்பிய நூலகக் கோபுரம். சுவர்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. வெயில் நேராக உள்ளே விழாமல் பொடிப்பொடியாக உதிர்ந்து விழுகிறது.

அங்கே வளைவுச் சுவரைப் பார்த்து 'இது அழகுக்கு' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு போஸ்ட்கார்டை நிமிர்த்தி நிற்க வையுங்கள், விழுந்துவிடும். அதையே லேசாக வளைத்து வையுங்கள், நிற்கும். சுவரும் அப்படித்தான். வளைத்தால் அரைச் செங்கல் கனமே பல இடத்தில் போதும்.

மூன்றாவது வீடு. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தனக்காக அவர் கட்டிக்கொண்டது. பெயர் 'ஹாம்லெட்', அதாவது சிற்றூர். ஒரே மூச்சில் கட்டாமல் தேவை வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. பழைய வீடு இடித்த மரம், கதவு, உடைந்த ஓடு, காலி பாட்டில் எதையும் விடவில்லை. பாட்டிலைச் சுவரில் பதித்து, கலர் வெளிச்சம் வர வைத்திருக்கிறார். நம் ஊரில் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவோம்.

இந்த மாதிரி எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. இலங்கையின் ஜெப்ரி பாவா, 2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதில் தலைவரின் சிறப்பு விருது பெற்றவர். அவர் 1970களில் நம்ம மதுரையிலேயே மதுரா கோட்ஸ் மில்லுக்காக ஒரு கிளப் கட்டியபோது பழைய கல்தூண்களை எடுத்துப் பயன்படுத்தினார். ஆனால் பாவாவின் வழி வசதியுள்ள இடத்துக்கு ஏற்றது. நமக்குப் பாடம் பேக்கரிடம்தான் அதிகம்.

எலிப்பொறிக் கணக்கு

இனி பாடத்துக்கு வருவோம். பேக்கர் அதிகம் பயன்படுத்தியது 'ராட் ட்ராப் பாண்ட்' என்ற எலிப்பொறிக் கட்டு. நாம் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். இதில் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு கல் நீளவாக்கில் எதிரெதிரே, பிறகு ஒரு கல் குறுக்கே, மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. ஒன்பது அங்குலச் சுவரில் இருபுறமும் மூன்று மூன்று அங்குலம் போக, நடுவில் மூன்று அங்குலம் காலி. அந்தக் காலியிடம்தான் எலிப்பொறி!

எவ்வளவு மிச்சம்? 9 க்கு 4½ க்கு 3 அங்குல நாட்டுச் செங்கல் என்று வைத்துக்கொள்வோம் (கலவை கனத்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்). இங்கிலீஷ் பாண்டில் 9 அங்குலம் நீளம், 9 அங்குலம் உயரமுள்ள சுவர் முகத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு கல், ஆக 6 கல். அதாவது 81 சதுர அங்குலத்துக்கு 6. எலிப்பொறியில் 12 அங்குல நீளம், 4½ அங்குல உயரத்துக்கு 3 கல், அதாவது 54 சதுர அங்குலத்துக்கு 3. இதை 100 சதுர அடிக்கு மாற்றினால் முதலாவதுக்கு சுமார் 1067 கல், இரண்டாவதுக்கு 800 கல். சரியாகக் கால் பங்கு மிச்சம்! கலவையும் குறையும். நடுவில் காற்று நிற்பதால் வெளிச்சூடு சட்டென்று உள்ளே இறங்காது. ஒரு எச்சரிக்கை: 19 க்கு 9 க்கு 9 சென்டிமீட்டர் மாடுலர் கல்லில் இது நடக்காது. அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கும் கல்லை நிறுத்தினாலும் படுக்க வைத்தாலும் ஒன்றுதானே!

இந்தக் கணக்கை நான் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்க அத்தை பேரில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வந்திருக்கிறது. 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். கட்டப்போவது மாமாவேதான். முப்பது வருடமாகக் கொத்தனார். அவர் கையால் எழும்பிய வீடு ராயப்பன்பட்டியிலும் ஆனைமலையன்பட்டியிலும் எத்தனையோ, அவர் இன்னமும் இருப்பது தகரக் கூரைக்கு அடியில். வீட்டை 20 க்கு 18 அடி என்று வைத்தால் சுற்றுச்சுவர் 76 அடி. பத்தடி உயரத்துக்கு 760 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 120 கழித்தால் 640. வழக்கமான கட்டில் சுமார் 6830 கல், எலிப்பொறியில் 5120. ஆயிரத்து எழுநூறு கல் மிச்சம். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வாசலில் பழைய கல் இருபதை எடுத்து, கலவை இல்லாமல் அடுக்கிக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, உள்ளாற பொக்கையா விட்டா பாரம் தாங்குமா?" என்றார். தாங்கும் மாமா, திருவனந்தபுரத்தில் மாடிக் கட்டடமே நிற்குது என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்விகள்தான் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. "மூலைக்கு என்ன செய்வ? நிலை மாட்டுற எடத்துல ஹோல்டுபாஸ்ட் எதுல பிடிக்கும்? கலவை உள்ளாற விழுந்து அடைச்சுக்கிட்டா அப்புறம் பொக்கை எங்க இருக்கு?" மூன்றும் சரியான கேள்விகள்! மூலையிலும் கதவு, ஜன்னல் ஓரத்திலும் கெட்டியாகக் கட்ட வேண்டும். அடிவரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டலுக்குக் கீழ் ஒரு வரிசை, கூரைக்குக் கீழ் ஒரு வரிசை, இவையும் கெட்டி. கலவை உள்ளே விழாமலிருக்க நடு இடைவெளியில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு கட்டலாம். கரண்ட் பெட்டி எங்கே வரும் என்று முன்பே குறித்துவிட வேண்டும், கட்டிய பிறகு உளியால் தட்டினால் கல் பெயர்ந்துவிடும்.

கூரைக்கும் ஒரு வழி உண்டு. ஸ்லாபில் மேல்பாதி நசுக்கப்படுகிறது, கீழ்பாதி இழுக்கப்படுகிறது என்று முதல் தடவை படித்தபோதே, 'அப்ப கீழே உள்ள கான்கிரீட் என்ன வேலை செய்யுது?' என்று தோன்றியிருக்கும். இழுப்பைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சுமைதான். அந்த இடத்தில் இரண்டு சீமை ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வார்ப்பதுதான் பில்லர் ஸ்லாப். சென்ட்ரிங் பிரித்ததும் அடியில் ஓட்டு வரிசை கோலம் போட்ட மாதிரி தெரியும், அதுவே சீலிங்! சுவர், பீம் பக்கத்தில் ஓடு வைக்கக்கூடாது, அங்கே கணக்கு வேறு. டிசைன் செய்யாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

இதுவரை எல்லாம் சரி. இனி வருவதுதான் கஷ்டம்.

அத்தைக்குச் செலவு குறைவது பிடித்திருந்தது. ஓட்டுச் சீலிங்கும் பிடித்திருந்தது. போனில் பேக்கர் கட்டிய வீட்டுப் படங்களைக் காட்டியபோதுதான் முகம் மாறியது. "பூசாத வீடு வேண்டாம்ப்பா. காசில்லாம பாதியில விட்டுட்டாங்கன்னு தெருவே பேசும்." இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பணக்காரர் பூசாமல் விட்டால் 'எக்ஸ்போஸ்டு பிரிக்' என்பார்கள், பத்திரிகையில் படம் போடுவார்கள். அத்தை பூசாமல் விட்டால் இல்லாமை. கல்லும் ஒன்று, சுவரும் ஒன்று. பார்க்கிற கண்தான் வேறு. விருது வாங்கிய டிசைனை நம் தெருவில் கொண்டுவந்து இறக்கும்போது இதையும் எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 'ஜனங்களுக்கு ரசனை இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அத்தை முப்பது வருடமாகத் தகரக் கூரைக்கு அடியில் இருந்தவர். பூசிய சுவரை ஆசைப்பட அவருக்கு உரிமை உண்டு.

ஜாலியிலும் அவர் சொன்னது நியாயம். ஆடியில் நம்ம பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று எப்படி என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மண்ணோடு வரும். மேற்கே ஜாலி வைத்தால் சோற்றில் மண் விழும். கொசுவும் உண்டு. பேக்கர் கேரளத்து மழைக்கும் புழுக்கத்துக்கும் கட்டினார், அதை அப்படியே காப்பியடிக்க முடியாது. அடுப்படியில் கிழக்கே, கூரைக்குக் கீழே, உயரத்தில் நாலு வரிசை ஜாலி வைத்து உள்பக்கம் வலை அடித்தால் புகை போகும், மண் வராது. இதை மாமாவே சொன்னார். பேக்கரும் கொத்தனார்கள் பக்கத்தில் நின்று, சைட்டிலேயே வரைந்து வேலை வாங்கியவர்தான். எங்க மாமாவைப் பார்த்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும்.

கடைசியில் முடிவானது இது. சுவர் எலிப்பொறிதான், பூச்சுக்கு அடியில் இருந்தாலும் கல் மிச்சம் மிச்சம்தான், நடுவிலுள்ள காற்றும் எங்கும் போகாது. வெளிப்பக்கம் முழுக்கப் பூச்சு. உள்ளே ஒரே ஒரு சுவர், வாசலுக்கு எதிரே, பூசாமல் கல்லைத் துடைத்து, இணைப்பைக் கீறி நேர்த்தி செய்வது. அதை ஒட்டி ஒன்றரை அடி உயரத்தில் கட்டுமானத்தோடு ஒரு திண்ணை, சோபாவுக்குப் பதிலாக. பில்லர் ஸ்லாபுக்கு எங்கள் லெக்சரர் ஒருவர் டிசைன் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், திட்டத்தின் ஓவர்சியர் ஒத்துக்கொள்ள வேண்டும், அது இன்னும் ஆகவில்லை. அந்த ஒரு சுவருக்கு மட்டும் விளிம்பு உடையாத, நன்றாக வெந்த கல்லாகப் பொறுக்கி எடுக்க மாமா இப்போதே சூளைக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டார். "கல்லு வெளிய தெரியப் போகுது மாப்ள, எவன் கட்டுனான்னு கேப்பாய்ங்க" என்கிறார். பேஸ்மட்டம் வரை வேலை வந்துவிட்டது. எலிப்பொறி முதல் வரிசை வைக்கிற அன்று பார்க்க ஆசைப்படுகிற நண்பர்கள் சொல்லுங்கள், கம்பத்திலிருந்து டவுன் பஸ் உண்டு.