ஒளி காட்டும் இரத்தக் குறை
நம் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, விண்மீனின் இயல்பை அதன் ஒளியைக் கொண்டே அறிகிறது. இரத்தச் சிவப்பணுவின் ஒரு குறையையும் ஒளியால் அறியலாம்.

சில மருந்துகள் சிவப்பணுவில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்குகின்றன. அதனைத் தாங்கும் வலிமையைத் தருவது ஜி6பிடி என்னும் நொதி. பிறவியிலேயே இந்நொதி குறைந்தவர், மலேரியாவுக்கான பிரைமாகுயின் மாத்திரையை உட்கொண்டால் சிவப்பணுக்கள் உடையக்கூடும். இதன் காரணம் 1956-இல்தான் தெளிவாயிற்று.

ஒரு துளி இரத்தத்தை வேதிக் கரைசலில் கலந்து வடிதாளில் இட்டு, புறஊதா விளக்கின்கீழ் நோக்குவர். நொதி போதுமாயின் அப்புள்ளி ஒளிரும். மிகக் குறைந்திருப்பின் இருண்டே கிடக்கும். ஆயினும், அணுக்கள் உடைந்த உடனே சோதித்தால், புதிதாய்த் தோன்றிய அணுக்களில் மிகுந்துள்ள நொதி குறையை மறைத்துவிடலாம். மறுமுறை சோதிக்க வேண்டுமென நாங்கள் வற்புறுத்துவது அதனாலேயே. (உயிரணுவுக்குள்ளேயே ஒளிர்ந்து இவ்வழுத்தத்தைக் காட்டும் புரத உணரிகளும் உண்டு; அவை ஆய்வுக்கூடக் கருவிகளே.)

இக்குறை தாய்வழியே மகனுக்கு வருவது, ஆண்களிடமே மிகுதி. ஒருவருக்குக் கண்டறியப்பட்டால் உடன்பிறந்தாரையும் சோதனைக்கு அழைத்து வாருங்கள். மாத்திரை தொடங்கிய சில நாள்களில் சிறுநீர் கடுங்காப்பி நிறமாயினும் கண்கள் மஞ்சளாயினும், அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாது அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.