டாக்ஸி ஓட்டுநரா? கையில் நிற்பது எவ்வளவு?

* அன்றைய வசூலில் டீசல், டோல், பார்க்கிங், ஆப் கமிஷன் கழித்த பிறகே வருமானம். தினமும் நோட்டில் எழுதுங்கள்.

* காலி ஓட்டத்தையும் குறியுங்கள். 200 கி.மீ. ஓடி 80 கி.மீ. காலி என்றால், வாடகை 120-க்குத்தான். டீசல் 200-க்கும் செலவு.

* இன்சூரன்ஸ், எஃப்.சி., டயருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகுமென்றால், மாதம் 5,000 தனிக் கணக்கில் போடுங்கள். வண்டிக்கு 8 வயது வரை எஃப்.சி. 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

* டயர் சூடேறும் முன், காலையிலேயே காற்று பாருங்கள். காற்று குறைந்தால் மைலேஜும் குறையும், டயரும் சீக்கிரம் தேயும்.

* வெளியூர் சவாரியில் டோல், பெர்மிட், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.