தீப்பிடித்தால் ஒளிந்துகொள்ளாதே!



எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் என்று தீ முக்கோணம் வரைந்து நாம் மார்க் வாங்கிவிட்டோம். அதையே ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? என்.எஸ்.எஸ். முகாமில் ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்திய அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

"தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?" என்று முதலில் கேட்டோம். "கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சிக்குவேண்ணா" என்றான் ஒரு பையன். "டீச்சர் சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்" என்றது ஒரு பெண். எனக்குத் திக்கென்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இறங்கும் வழியோ குறுகல். 2009-ல் பள்ளிகளில் தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நம் போன்றவர்கள்தான்.

சொன்னால் மறந்துவிடும், செய்ய வைக்க வேண்டும். கண்ணைத் துண்டால் கட்டி, சுவரைத் தொட்டபடி வாசல்வரை தவழவிட்டோம். தீயைவிடப் புகைதான் முதலில் கொல்லும். சூடான புகை மேலே போகும், தரையருகே மூச்சுவிடலாம். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நில், படு, உருளு. இதை மட்டும் பத்துத் தடவை கேட்டு வாங்கிச் செய்தார்கள், யூனிபார்ம் எல்லாம் மண்! வெளியே வந்தபின் வேப்பமரத்தடியில் தலை எண்ணுதல். பைக்காகத் திரும்பி உள்ளே போகக்கூடாது. பிறகுதான் 101.

நம் பகுதிக்கென்று ஒரு பாடம் தனியாக உண்டு. இங்கே பல வீடுகளில் அம்மாக்கள் ஷூ அப்பர் வேலை செய்கிறார்கள்; ஒட்டும் சொல்யூஷன் டப்பா அடுப்பங்கரைப் பக்கமே இருக்கும். புகை மேலே போகும் என்றேன் அல்லவா? சொல்யூஷன் ஆவி அதற்கு நேர்மாறு. காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். டப்பாவை மூடு, அடுப்புள்ள அறையில் திறக்காதே. பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதே, எரிகிற சொல்யூஷன் தண்ணீரில் மிதந்து பரவும். சின்னப் பிள்ளைகள் அணைக்கவே போக வேண்டாம், கத்திக்கொண்டே வெளியே வந்தால் போதும்.

கடைசியில் மணியடித்து ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகள் சரியாகத்தான் வந்தார்கள். பின்பக்கக் கேட்டில் பூட்டு! சாவி வைத்திருந்த வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். அடுத்த முகாமுக்குப் போகிறவர்கள் பாடத்தை ஆரம்பிக்கும் முன் அந்தச் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.