எண்ணூறு ரூபாய்க் கூலியின் கணக்கு

திருவொற்றியூர்

அன்பு மருமகனுக்கு,

ஐடிஐ-யில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே நின்றுவிட்டு, மேஸ்திரியோடு கட்டட வேலைக்குப் போகப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். போனில் பேசினால் ‘சரி மாமா, சரி மாமா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதது இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கியதே, அன்றைக்குப் பாழான வலைக்கும் படகுக்கும் வாங்கிய கடனை உங்கப்பா இன்னும் கட்டுகிறார். கழிமுகத்தில் மீன்பாடு குறைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எண்ணூர்ப் பையன்கள் கடலை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கும் கம்பெனி காண்ட்ராக்டுக்கும் போவது உன்னோடு தொடங்கியதில்லை. நானும் அப்படிப் போனவன்தான். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1994-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கே செங்கல் கட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கரண்டியை வைத்துத்தான் நானும் உன் அத்தையும் ரெண்டு பிள்ளைகளைக் கரையேற்றினோம். ஆகையால் தொழிலைக் கேவலமாகப் பேசுகிற கடிதம் இது இல்லை.

‘கம்பெனியில் மாசம் பதினைந்தாயிரம், கட்டடத்தில் நாளைக்கு எண்ணூறு. முப்பது நாளுக்கு இருபத்தி நாலாயிரம்’ என்று அக்காவிடம் கணக்குச் சொன்னாயாம். உன் பெருக்கல் சரிதான். முப்பது நாள்தான் தப்பு. வடகிழக்குப் பருவமழை ரெண்டு மாசத்தைத் தின்றுவிடும். மற்ற மாசங்களில் இன்றைக்கு எம்-சாண்ட் வரவில்லை, நாளைக்குக் கம்பி வரவில்லை, அடுத்த வாரம் வீட்டுக்காரர் கையில் பணமில்லை. வருஷம் முழுக்கச் சராசரி போட்டால் மாசத்துக்கு இருபது நாள் கிடைப்பதே பெரிய விஷயம். ஆக 16,000. பஸ், டீ, மத்தியானச் சாப்பாடு என்று நாளைக்கு நூறு போனால் 14,000. கம்பெனிச் சம்பளத்தில் பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ முக்கால் சதவீதம் பிடித்ததுபோக 13,087 ரூபாய் கைக்கு வரும். ஆக, கட்டடத்தில் உனக்கு மிஞ்சுவது மாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம். அந்தத் தொள்ளாயிரத்துக்காக நீ எதை விடுகிறாய் தெரியுமா? உன் பங்கும் முதலாளி பங்குமாக மாசாமாசம் உன் பேரில் சேரும் 3,600 ரூபாயை. காய்ச்சல் வந்தால் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் காசில்லாமல் படுக்கும் உரிமையை. வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு ஓய்வை. எண்ணூறு என்பது இதெல்லாம் உள்ளடக்கிய மொத்த விலை. உன் ஆஸ்பத்திரிச் செலவும் முதுமையும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை மேஸ்திரி நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது அதை யாரும் பிரித்துக் காட்டமாட்டார்கள்.

காண்ட்ராக்ட் பையன்களுக்கு எல்லாக் கம்பெனியும் பிஎஃப் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று நீ கேட்பாய். கட்டாதவர்களும் உண்டு. உன் பிஎஃப் கணக்கின் யுஏஎன் நம்பரை வாங்கி, பணம் ஏறுகிறதா என்று மாசம் ஒருமுறை போனிலேயே பார். கட்டாத இடம் என்றால் வேறு இடம் தேடு.

இனி உடம்பு. முதலில் தளம் போடுகிற நாளைச் சொல்கிறேன். அன்றைக்கு பிரியாணி உண்டு, கூலியும் கூட வரும், பையன்கள் குஷியாக வருவார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் ரெடிமிக்ஸ் லாரி நுழையாது. கலவை மிஷினைத் தெருவிலேயே நிறுத்தி, பாண்டு பாண்டாகக் கைமாற்றி மேலே ஏற்ற வேண்டும். ஆயிரம் சதுர அடி, அஞ்சு அங்குலக் கனம் என்றால் கான்கிரீட் மட்டும் ஏறக்குறைய 28 டன். ஒரு பாண்டு இருபது கிலோ என்று வைத்தால் 1,400 பாண்டு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையையும் அந்த 1,400-ம் கடந்து போகும். பாதியில் நிறுத்தவும் முடியாது. போட்டது இறுகிவிட்டால் ஒட்டு விழுந்து, பின்னால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். அதனால் மத்தியானம் கடல்காற்று வந்தாலும் வராவிட்டாலும் கை நிற்காது. நம்ம ஊர் சித்திரைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பு குளிராது. சாயங்காலம் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று உடம்பு சொல்வதாக எடுத்துக்கொள்.

சாதாரண நாளும் லேசானது இல்லை. நல்ல கொத்தனார் ஒரு நாளில் ஐந்நூறு செங்கல் கட்டுவார். கல் ஒன்று மூன்று கிலோ, ஆக ஒன்றரை டன் ஒரே கையில். அந்தக் கல்லைத் தரையிலிருந்து குனிந்து குனிந்து எடுப்பதுதான் இடுப்பை வாங்கும். ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒரு அமெரிக்கர், 1885-ல் பதினேழு வயசில் கொத்து வேலைக்குச் சேர்ந்தவர். கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்தில் வைக்கிற மாதிரி சாரம் அமைத்து, ஒரு கல் வைக்க 18 அசைவு ஆனதை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம்ம சைட்டில் கல் தரையில்தான் கிடக்கிறது. நாலு பலகையை அடுக்கி அதன்மேல் கல்லைக் கொட்டச் சொன்னால் யாருக்கும் ஒரு காசு செலவில்லை. நீ போகிற இடத்தில் முதலில் இதைச் செய். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சாலிட் பிளாக் இன்னும் மோசம். எட்டு அங்குலப் பிளாக் முப்பது கிலோவைத் தாண்டும். 20 கிலோவுக்கு மேலான பிளாக்கை ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தூக்குவது ஆபத்து என்கிறது பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை. அங்கே சிமென்ட் மூட்டையும் 25 கிலோதான். நமக்கு இன்னும் 50. மத்திய அரசின் 1998 விதிகளில் ஆண் ஒருவர் தூக்குவதற்கான உச்சவரம்பு 55 கிலோ, பெண்ணுக்கு 30. ஆக, மூட்டையைத் தனியாகத் தூக்கச் சொல்பவன் சட்டத்தை மீறவில்லை. நீதான் சாமர்த்தியமாக இருக்க வேண்டும். இருபது வயசில் ‘ரெண்டு மூட்டை தூக்குவேன்’ என்று பந்தயம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். நாற்பத்தைந்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் நாற்காலி தேடுகிறார்கள்.

உன் அத்தையின் முழங்காலை நீ பார்த்திருக்கிறாய். சும்மாடு வைத்து அவள் ஏற்றிய கல்லுக்குக் கணக்கில்லை. எனக்குப் பாதிதான் அவளுக்குக் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி என்ற சட்டம் வந்தது 1976-ல். அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறு: எந்த மேஸ்திரியும் அவள் கையில் கரண்டியைக் கொடுத்ததில்லை. பையன் மூன்று வருஷத்தில் கொத்தனார் ஆகிறான், சித்தாள் கடைசிவரை சித்தாள். நாளைக்கு நீ மேஸ்திரி ஆனால் அதை மாற்று.

கண்ணுக்குத் தெரியாத ரெண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சிமென்ட். தண்ணீர் பட்டதும் அது கடுங்காரம், தோலைத் தின்னும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், பிறகு சிமென்டைத் தொட்டாலே விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகும். ஐரோப்பாவில் 2005 முதல் அந்தக் குரோமியத்தைக் குறைத்துத்தான் விற்க வேண்டும். நம்ம மூட்டையில் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடு. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்பதெல்லாம் சும்மா. இன்னொன்று தூசி. டைல்ஸும் கிரானைட்டும் காய்ந்தபடி அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகையில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆனால் மருந்து கிடையாது, காசநோயும் சுலபமாகத் தொற்றும். தண்ணீர் விட்டு அறு. முகத்தில் துண்டு கட்டினால் மண் நிற்கும், சிலிக்கா நிற்காது.

அறுக்கும் மிஷினுக்கு விரலைக் கொடுத்தவர்களும் நம்ம பக்கம் ஏராளம். அப்படி ஆனால் துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. வடசென்னைத் தொழிற்சாலைகளில் நசுங்கிய கைகளைப் பார்த்துப் பார்த்தே பேர் வாங்கிய இடம் அது.

குடியைப் பற்றி உபதேசம் செய்யமாட்டேன், ஒரே விஷயம் சொல்கிறேன். உடம்பு வலிக்குக் குவாட்டர், மறுநாள் எழுந்திருக்க மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. இது ரெண்டும், வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பும் சேர்ந்தால் கிட்னி தாங்காது. வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடாதே.

‘வடக்கத்திக்காரன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்’ என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சு வேண்டாம். ரிசர்வ் வங்கி தொகுத்த 2021-22 கணக்கில், கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி மத்தியப் பிரதேசத்தில் 266 ரூபாய், தமிழ்நாட்டில் 478, கேரளத்தில் 837. நம்ம ஆட்கள் பாலக்காடு தாண்டிப் போவதும் அவர்கள் சென்ட்ரலில் வந்து இறங்குவதும் ஒரே காரணத்துக்குத்தான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து இறந்த ஒன்பது பேரும் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். உன் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது, மறந்திருக்க மாட்டாய். சாரம் விழும்போது ஆதார் அட்டையில் ஊர் பார்த்து விழுவதில்லை. அவனைக் குறைந்த கூலிக்கு வைக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவனிடம் கேட்காதே. இன்னொன்று, இந்த உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் அரிக்கும். சாரத்தில் ஏறும் முன் கிளாம்பையும் குழாயையும் நீயே தட்டிப் பார். பெல்ட் இல்லாமல் ஏறச் சொன்னால் இறங்கி வந்துவிடு. ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதானே.

இப்படிப்பட்ட வேலையில் துணைக்கு இருக்கிற நலவாரியமும் சும்மா கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தும், கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைய 1994 ஆனது. மத்தியச் சட்டம் கேட்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985-ல் ஒரு தேசியக் குழு திரண்டது, சட்டம் வந்தது 1996-ல். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நிதிக்குப் போக வேண்டும் என்பது அப்படி வந்த ஏற்பாடு. போன பணம் வந்து சேர்ந்ததா என்றால், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொன்னது: நாடு முழுக்க வசூலானது 37,400 கோடிக்கு மேல், செலவானது 9,500 கோடி அளவுக்குத்தான். அந்தச் செலவிலும் சில இடங்களில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிக் கொடுத்தார்களாம். தகரக் கொட்டகையில் வாஷிங் மெஷினை எங்கே வைப்பது?

இருந்தாலும் நலவாரியக் கார்டு எடு. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, அறுபதுக்குப் பின் பென்ஷன் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் வழி. விபத்து நடந்த பிறகு எடுக்கலாம் என்றால் முடியாது. பதிவைக் காலாவதியாக விட்டுவிட்டு அலைகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

என் முடிவைக் கேட்டால், ஐடிஐ-யை முடி. ஃபிட்டர் சான்றிதழோடு இஎஸ்ஐ, பிஎஃப் உள்ள இடத்தில் சேர். அந்த ஒரு வருஷம் வீட்டுக்கு ஆகிற குறைவுக்கு நானும் அத்தையும் மாசம் கொஞ்சம் தருகிறோம், அக்காவிடம் சொல்லிவிட்டேன். லீவு நாளில் என்னோடு வேலைக்கு வா, கூலி தருகிறேன்.

இல்லை, கட்டடம்தான் என்று நின்றால், கொத்தனாருக்கு உதவும் பெரியாளாகவே மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காதே. மூலை எடுக்க, தூக்குக்குண்டு பிடிக்க, பிளான் படிக்கக் கற்றுக்கொள். நம்ம பக்கம் கொத்தனாருக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறார்கள், உடம்பும் கொஞ்சம் மிஞ்சும். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்காதே. வாங்கினால் அவர் சொல்கிற கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

எதுவானாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக் நகல், போட்டோ ரெண்டு எடுத்து வா. லீவு நாள் வேலைக்கும் வாரியக் கார்டு இல்லாமல் உன்னை சாரத்தில் ஏற்றமாட்டேன். திங்கள் காலை இ-சேவை மையத்தில் மனுவைப் போட்டுவிடுவோம்.

அன்புடன்,
மாமா