கிழங்குக்குள் ஒளிந்த நஞ்சு

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கிறது. 1927-இல் கட்டிய சந்தை. அங்கே காய்கறி வாங்கப் போனால் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கன்னடத்தில் மரகெணசு என்று கேட்க வேண்டும். சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள். ஜவ்வரிசி செய்வது இதிலிருந்துதான்.

இந்தக் கிழங்கில் நஞ்சு உண்டு. பயப்பட வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நாம் மூச்சு விடுகிறோம். செடியும் மூச்சு விடுகிறது. அதற்கு மூக்கு இல்லை, அவ்வளவுதான்! இலை, தண்டு, வேர் எல்லாம் ஆக்சிஜனை எடுக்கின்றன. அதைக் கொண்டு சர்க்கரையை எரித்துச் சக்தி பெறுகின்றன. செல் என்னும் மிகச் சிறிய அறைகளுக்குள் இந்த வேலை நடக்கிறது.

மரவள்ளியிலிருந்து வரும் நஞ்சு சயனைடு. அது இந்த வேலையின் கடைசிப் படியை அடைத்துவிடும். அப்போது காற்று இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. அடுப்பில் விறகு இருந்தும் தீ அணைந்தது போல.

அப்படியானால் மரவள்ளிச் செடி ஏன் சாகவில்லை? அது கெட்டிக்காரச் செடி. நஞ்சைச் சர்க்கரையோடு கட்டி ஓர் இடத்தில் வைக்கிறது. கட்டை அவிழ்க்கும் பொருளை வேறு இடத்தில் வைக்கிறது. ஆடு கடித்தாலோ கத்தி வெட்டினாலோ இரண்டும் கலக்கும். அப்போது சயனைடு வெளிவரும்.

செடிக்குள் கொஞ்சம் கசிந்தால்? அதையும் செடி வீணாக்காது. அஸ்பரஜின் என்ற சத்துப் பொருளாக மாற்றிக்கொள்ளும். அதில் தழைச்சத்து இருக்கிறது. யூரியா போட்டு நாம் பயிருக்குக் கொடுக்கிறோமே, அதே தழைச்சத்துதான். அதை வைத்துச் செடி புரதம் செய்துகொள்ளும்.

இனி சமையலுக்கு வருவோம். தோலில் நஞ்சு அதிகம். தடித்த உள்தோலையும் சேர்த்து உரியுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பெரிய துண்டாக உடனே வேகவைத்தால், கட்டை அவிழ்க்கும் பொருள் சூட்டில் கெட்டுவிடும். நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் நிறைய ஊற்றி, மூடாமல் வேகவையுங்கள். அந்த நீரையும் கொட்டுங்கள். கசக்கும் கிழங்கு வேண்டாம். பச்சையாகத் தின்னவே கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சாப்பிட்ட பின் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிவாஜிநகரில் பவுரிங் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆடு வளர்ப்பவர்களே, பச்சை மரவள்ளி இலையை ஆட்டுக்குப் போடாதீர்கள். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சுதான் வருகிறது. மாடுகளை அதில் மேய விடாதீர்கள்.