வேலியே பயிரை மேய்ந்தால்

பயிரைக் காக்க இட்ட வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழியை நாஞ்சில் நாட்டு உழவர் வாயிலாக நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அது நம் குருதியினுள்ளும் மெய்யாதல் உண்டு. பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் பழுதுற்ற குழவிகள் சிலரிடத்தே அதனைக் காணலாம்.

இக்குழவிகள் கிருமிகட்கு எளிதில் இரையாதல் எதிர்பார்க்கத் தக்கதே. வியப்பு யாதெனின், பகையை வெல்லமாட்டாத அவ்வாற்றல் சொந்த உடலையே தாக்குவதுதான். கள்வனைப் பிடிக்கமாட்டாத காவலன் வீட்டாரை அடிப்பது எங்ஙனம்?

இதற்கு விடை நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் தொடங்குகின்றது. பயனற்றதென நெடுங்காலம் கருதப்பட்ட இதனை, 1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்பார் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அகற்றிப் பார்த்தார். அவை நோயெதிர்க்கும் வலியிழந்து நலிந்தன. எலும்பு மச்சையில் தோன்றும் வெள்ளணுக்களுட் சில இச்சுரப்பியிற் பயின்றே டி அணுக்களாகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. இங்கு நடைபெறுந் தேர்வு நம் கல்லூரித் தேர்வினுங் கடியது; நூற்றுக்கு ஐந்துக்கு மேற் தேறுவது அரிது. சொந்த உடற்பொருளைப் பகையென்று வலிந்து பற்றும் அணு அங்கேயே மாய்க்கப்படும். கணையம் முதலிய உறுப்புக்களின் புரதங்களை ஐர் என்னும் மரபணு தைமஸிலேயே உண்டாக்கித் தேர்வுக்கு வைக்கின்றது. அம்மரபணு பழுதாயின், வினாத்தாளில் வாராத பாடத்தைப் படியாத மாணவன் தேறிவிடுவதுபோலத் தீய அணுக்களும் தேறிவிடுகின்றன!

செவ்விய தேர்விலும் தப்புவன சில உள. அவற்றை அடக்கவென்றே ஒருசார் டி அணுக்கள் உண்டென்று 1995இல் ஜப்பானியரான சகாகுச்சி காட்டினார். இதற்கு நெடுநாள் முன்னரே, 1949இல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தோல் செதிலுதிர்ந்து இளமையிலேயே மடியும் ஆண் எலிகள் சில பிறந்திருந்தன. அந்நோய்க்குக் காரணமான ஃபாக்ஸ்-பி-3 மரபணுவை 2001இல் பிரங்கோ, ராம்ஸ்டெல் என்னும் இருவர் கண்டனர். அடக்கும் அணுக்களை ஆக்குவது இதுவே. மூவர்க்கும் 2025இல் நோபெல் பரிசு கிடைத்தது.

மனிதக் குழவியில் இப்பழுது ஐபெக்ஸ் எனப்படும். ஓயாத வயிற்றுப்போக்கு, தோற்படை, கைக்குழந்தையிலேயே நீரிழிவு என மூன்றும் ஆண்மகவைப் பற்றும். மருத்துவமின்றேல் பெரும்பாலோர் இரண்டு ஆண்டிற்குள் இறப்பர். இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய்க்கு எக்ஸ் இரண்டாதலின் அவள் நலமாயிருப்பாள், மகனுக்கு ஒன்றே. பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்தவளை ராசியற்றவள் என்று பழிக்கும் வாய்களை நாம் அறிவோம். அவள் செய்த குற்றம் யாது?

நம் நாட்டில் மாமன் மகளை உரிமை கொண்டாடி மணத்தல் தொன்றுதொட்ட வழக்கு. இவ்வழக்கால் வேறொரு வகை நோயும் வெளிப்படுதல் கூடும். எல்.ஆர்.பி.ஏ. என்னும் மரபணுவின் பழுது தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்திருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. ஆண் பெண் வேற்றுமை இதற்கில்லை.

மருத்துவர் படும் இடர்ப்பாடு பெரிது. தாக்கும் அணுக்களை மருந்தால் ஒடுக்கினால் கிருமி ஓங்கும். ஒடுக்காவிடின் உடல் அழியும். எல்.ஆர்.பி.ஏ. பழுதுக்கு, குறைந்த கட்டுப்பாட்டுப் புரதத்தை ஈடுசெய்யும் அபாடசெப்ட் என்னும் மருந்து பயன்படுகின்றது. ஐபெக்ஸுக்குப் பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சையை மாற்றி வைத்தலே அடிப்படையைத் தொடும் சிகிச்சை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986ஆம் ஆண்டிலேயே மச்சை மாற்றத்தைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்கட்கான தேசியக் கொள்கையும் மச்சை மாற்றத்தாற் தீரும் நோயெதிர்ப்புக் குறைகளைத் தன் முதற்பிரிவிற் சேர்த்துள்ளது.

ஆயினும் நோய் இன்னதென்று காலத்தே அறியப்படல் வேண்டுமே! தாயுடன் பிறந்த ஆண்மக்கள் குழவிப் பருவத்தில் இறந்தனரா, மூத்த மகவு எந்நோயால் மாண்டது என்பவற்றை வீட்டு முதியோரே அறிவர். டி அணுக்கள் பெரிதுங் குன்றிய குழவிக்கு, உயிருள்ள கிருமியாலான பி.சி.ஜி. ஊசியே தீங்காதலும் உண்டு. ஆதலின் அத்தகைய குடும்பத்தார் பிறந்த மகவுக்கு அவ்வூசி இடுமுன்பே இச்செய்திகளை மருத்துவரிடம் கூறல் வேண்டும்.