வாடுமுன் அறிதல்: பயிரின் நீர்க்குறையும் செய்மதி றேடாரும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையிலே, மகாவலி கங்கைக்கு அணித்தே கெலிஓயா அமைந்துள்ளது. ஆற்றை அருகே கொண்ட ஊருக்கு நீர்க்குறை ஏதென வெளியூரார் வினவலாம். சரிவிலே நிற்கும் தேயிலைக்கும் மிளகுக் கொடிக்கும் ஆற்றுநீர் ஏறி வருவதில்லை; அவை மழையையே நம்பியுள்ளன. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மழை பொய்த்தபோது, நாற்பது ஆண்டுகளிற் காணாத வறட்சி இலங்கையைப் பற்றியது. 2015இல் ஏறத்தாழ 329 மில்லியன் கிலோகிராமாயிருந்த நாட்டின் தேயிலை விளைவு, 2016இல் ஏறத்தாழ 292 மில்லியனாயிற்று. வறட்சியொன்றே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. எனினும் அதன் பங்கு பெரிது. கொழுந்து குறையின் வேலைநாள் குறையும். அதன் சுமை முதலில் இறங்குவது லயத்து வீடுகளின் மீதே.

செடி வாடியதை நாம் கண்ணாற் காணுமுன்னரே அதன் துன்பம் தொடங்கிவிடுகின்றது. வேர் தரும் நீர் குறைந்ததும் இலைவாய்கள் மூடுகின்றன. காபனீரொட்சைட்டு உட்புகுவது தடைப்பட்டு வளர்ச்சி தளர்கின்றது. இந்நிலையை வானிலிருந்து அறியலாகுமா? ஒளிப்படம் எடுக்கும் செய்மதிகளை நம் மலைகளில் முகில் பெரிதும் மறைத்துவிடும். றேடாரோ தானே நுண்ணலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியை அளப்பது. அதற்கு முகிலும் இரவும் ஒன்றே.

மின்புலத்துக்கு ஒரு பொருள் இணங்கும் அளவை விஞ்ஞானிகள் ஓர் எண்ணாற் குறிப்பர். அவ்வெண் நீருக்கு 80ஐ அணுகும். உலர்ந்த மரத்துக்கு 2 முதல் 5 வரையே. ஆதலின் நீர் நிறைந்த இலையும் கிளையும் அலையை வலிதாகத் திருப்புகின்றன. நீரிழந்தவை மெலிதாகத் திருப்புகின்றன. 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி சென்டினல்-1இன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சதமமீற்றர், இலைகளும் சிறுகிளைகளுமே அதற்குப் பெரிதும் புலனாகும். 2025 யூலை 30இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து எழுந்த இந்திய அமெரிக்கச் செய்மதி நிசாரின் 24 சதமமீற்றர் அலை, இலையைக் கடந்து கிளையையும் மண்ணையும் தொடும்.

செடி பகலில் இழந்த நீரை இரவில் மீளப் பெறுகின்றது. மேற்கூறிய இரு செய்மதிகளும் ஒரே இடத்தை ஏறத்தாழக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கடக்கும் பாதையில் இயங்குவன. காலை எதிரொலிக்கும் மாலை எதிரொலிக்கும் உள்ள வேறுபாடே நீர்க்குறையின் அளவுகோல் என்று கூறிவிடத் தோன்றும். அமேசன் காட்டில் 2005ஆம் ஆண்டு வறட்சியின் பின் எதிரொலி தாழ்ந்து, பல ஆண்டுகள் பழைய நிலைக்கு மீளாதிருந்தமையை, கடற்காற்றை அளக்கவென 1999இல் அனுப்பிய குவிக்ஸ்கற் என்னும் செய்மதியே காட்டிற்று.

ஆயின் அமேசன் பெரும்பாலும் சமதளம். நமது நாடு மலைநாடு. செய்மதி காலையில் ஒரு திசையாகவும் மாலையில் எதிர்த்திசையாகவும் செல்வதால், ஒரே சரிவைக் காலையில் முகமாகவும் மாலையில் முதுகாகவும் காண்கின்றது. அவ்விரண்டையும் நேரே ஒப்பிட்டால் மலையின் வடிவமே நீர்க்குறைபோலத் தோன்றிவிடும். விடியற்பனி இலைமேல் நின்றாலோ, வாடிய செடியும் நீர் நிறைந்ததாகத் தோற்றும். நமது வீட்டுத்தோட்டங்களிற் பலாவும் கராம்பும் மிளகும் ஒன்றன்மேலொன்றாக நிற்பது மற்றொரு சிக்கல். ஆகவே ஒவ்வொரு சரிவையும், செய்மதி அதே பாதையில் பன்னிரு நாட்களின் பின் மீளும்போது பெறும் அதன் முந்திய அளவுகளோடு ஒப்பிடுதலே இங்குத் தக்கதென்பது எம் கருத்து.

அவ்வளவுகளின் பொருளைத் தரையிலேயே சரிபார்த்தல் வேண்டும். எம் மாணவர்க்கு இது எட்டாத வேலையன்று. செய்மதி கடக்கும் நாளிற் சில இலைகளைப் பறித்து உடனே நிறுத்தல் வேண்டும். பின் மூடிய பாத்திரத்து நீரிற் சில மணி நேரம் மிதக்கவிட்டு, ஈரம் ஒற்றி மீண்டும் நிறுத்து, சூளையில் ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி மூன்றாம் முறை நிறுத்தல் வேண்டும். முதல் நிறையிலிருந்தும் இரண்டாம் நிறையிலிருந்தும் உலர்நிறையைத் தனித்தனியே கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்து நூறாற் பெருக்கினால், நிறைய நீர் பெற்ற இலை கொள்ளக்கூடிய நீரில் எத்தனை வீதம் அவ்விலையில் எஞ்சியிருந்தது என்பது தெரியும்.